எழுநூற்றைம்பது சிசி வண்டியும் ஒரு குப்பைப் பையும்

கமிசாகியில் மிட்சுருவின் முகம் தெரியாதவர்கள் கிடையாது. பெயர் தெரிந்தவர்கள்தான் குறைவு. இருபத்தாறு வருடமாக அந்தக் கடற்கரை ஊரில் அவன் தபால் கொடுத்து வருகிறான். "தபால்காரர் வந்தாச்சு" என்பார்களே தவிர, ஒனோதெரா மிட்சுரு வந்திருக்கிறான் என்று ஒருவரும் சொல்வதில்லை. அவனும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. இத்தனை வருடத்தில் அவன் கை தவறி ஒரு கடிதம்கூட அடுத்த வீட்டுக்குப் போனதில்லை. தபால் அட்டைகளின் முகவரிப் பக்கத்தை மட்டுமே பார்ப்பான். திருப்பி எழுதியிருப்பதைப் படித்ததே இல்லை. சேர்ந்த முதல் நாள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம் அது.

அவனுடையது நூற்றுப் பத்து சிசி சிவப்பு வண்டி. முன்னால் பை, பின்னால் பெட்டி, பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி. ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஒசாகாவில் வாழ்க்கைப்பட்ட அவன் அக்கா ஹட்சுயே ஒருமுறை காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உலகத்தை ஏறக்குறைய ஆறு முறை சுற்றின தூரம் வந்தது. "டேய், ஆறு தடவை சுத்தியிருக்கடா" என்று தொலைபேசியில் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதினோரு கிலோமீட்டருக்கு அந்தாண்ட ஒரு நாளும் போகலையே அக்கா" என்றான். அவன் பகுதியின் கடைசி வீடு தபால் நிலையத்திலிருந்து பதினோராவது கிலோமீட்டரில் இருந்தது. அங்கே ஒரு வேலிக்கல். அதோடு வண்டியைத் திருப்பிவிட வேண்டும்.

அப்பா கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவன் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. கல்யாணம் என்று ஒன்றிரண்டு பேச்சு வந்ததுதான். அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்த வருடத்தோடு அதுவும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்சுயேவின் தொலைபேசி வரும். அதற்கப்புறம் திங்கட்கிழமை காலையில் சக ஊழியர்களுக்கு வணக்கம் சொல்லும்வரை அவன் வாய் திறக்க வேண்டிய தேவை இருக்காது. சில ஞாயிறுகளில், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே தொலைக்காட்சியில் வானிலை சொல்பவருக்குப் பதில் சொல்வானாம். இதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். கேட்ட ஹட்சுயேவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய வண்டி ஆசை வந்த கதை இதுதான். கோடையில் கடற்கரைச் சாலையில் பெரிய மோட்டார் சைக்கிள்கள் வடக்கே போகும். ஒருவரையொருவர் கடக்கும்போது முன்பின் தெரியாதவர்கள்கூட இடது கையைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள். ஒரு ஆகஸ்ட் மாதம் எதிரே வந்த ஒருவன் கையைத் தூக்கினான். மிட்சுருவும் சட்டென்று தூக்கிவிட்டான். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கை அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பெரிய வண்டிக்காக. சிவப்பு வண்டிக்கு யார் கை தூக்குவார்கள்? தூக்கின கையை இறக்கவும் கூச்சமாக இருந்தது. ஹெல்மெட்டைச் சரிசெய்வதுபோலக் காட்டிக்கொண்டு போனான். ஆனால் யாரோ தனக்காகக் கை தூக்கினார்கள் என்று நம்பின அந்த இரண்டு வினாடி அவன் மனத்தைவிட்டுப் போகவில்லை. மூன்று வருடம் அதைச் சுமந்துகொண்டே தபால் கொடுத்தான்.

ஐம்பத்தொன்றாவது வயதில் பெரிய வண்டி உரிமத்துக்கான பள்ளியில் சேர்ந்தான். அங்கே முதல் பாடம் வண்டி ஓட்டுவது இல்லை. கீழே கிடக்கிற வண்டியைத் தூக்கி நிறுத்துவது. தூக்க முடியாதவனுக்கு ஓட்டும் தகுதி இல்லை என்பது அவர்கள் கொள்கை. கையால் தூக்கினால் இடுப்பு போய்விடும். குந்தி உட்கார்ந்து, வண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலால் நடப்பதுபோல எழுந்திருக்க வேண்டும். மிட்சுரு மூன்றாவது முயற்சியில் எழுப்பினான். பிறகு ஒற்றைப் பலகைப் பரீட்சை. முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள நீளப் பலகைமேல் கால் ஊன்றாமல் பத்து வினாடிக்குக் குறையாமல் மெதுவாகப் போக வேண்டும். இளவட்டங்களெல்லாம் ஏழு, எட்டில் விழுந்துகொண்டிருந்தார்கள். மிட்சுரு பத்தொன்பது வினாடி எடுத்தான். வாசல் வாசலாக நின்று நகர்ந்த கைக்கு அது எம்மாத்திரம். பயிற்சி கொடுத்த இளைஞன் நேரக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நடுவுல இறங்கி ரெண்டு வீட்டுக்குத் தபால் போட்டுட்டு வந்தீங்களா?" என்றான். அந்தப் பத்தொன்பது வினாடி ஒசாகாவில் ஹட்சுயேவின் தெருவுக்கே தெரியும்.

உரிமம் கிடைத்துவிட்டது, வண்டி கிடைக்கவில்லை. புதியது வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தான். அதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. கைபழகாத பெரிய வண்டியை முதல் மாதமே கீழே போடுவோம் என்று அவனுக்கே தெரியும். பழையது வாங்குவதென்றால் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்து பழைய மோட்டார் பத்திரிகைகளைப் புரட்டினான். தபால் வண்டிகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக்கிடம் கேட்டான். கேட்டதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதினான். முப்பத்தொரு குறிப்பு சேர்ந்தது.

ஊரில் யார் கேட்டாலும் சொல்வான், மனப்பாடம் அவனுக்கு. லீவரின் நுனி உருண்டையைப் பார். வண்டி விழுந்தால் முதலில் அதுதான் தேயும். ஃபுட்ரெஸ்ட் நுனியும் அப்படியே. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பு. நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் உள்ளே பேரிங் போய்விட்டது. திருப்பத்தின் கடைசியில் ஹேண்டில் வந்து முட்டுகிற இரும்புக் கட்டையைப் பார். அது நசுங்கியிருந்தால் வண்டி எதிலோ மோதியிருக்கிறது, விற்கிறவன் சத்தியம் செய்தாலும் நம்பாதே. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாயில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா? பெட்ரோல் டாங்கிக்குள் விளக்கடித்துத் துரு இருக்கிறதா? சங்கிலிப் பல்சக்கரத்தின் பற்கள் சுறாவின் பல்போலச் சாய்ந்திருக்கிறதா? ஓடின தூரம் பரிசோதனைச் சான்றில் முன்பு பதிந்திருக்கிற எண்ணோடு பொருந்துகிறதா? வண்டிச் சட்டகத்தில் பொறித்த எண்ணும் காகிதத்து எண்ணும் ஒன்றா?

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் குறிப்பாக, இரண்டு முறை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது இது: போனதும் எஞ்சினைக் கையால் தொட்டுப் பார். சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஓட்டிவைத்திருக்கிறான். ஆறின எஞ்சின் படுத்துகிற பாட்டை மறைக்கிறான். 'வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவைக்க வேண்டும்.'

அக்டோபர் கடைசியில், தபால் நிலையத்துக்குப் பின்னாலிருக்கிற நெடுஞ்சாலை ஓய்வுக்கூடத்தின் பலகையில் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. எழுநூற்றைம்பது சிசி, நான்கு சிலிண்டர், இருபத்து மூன்று வருடப் பழசு, ஒரே கை. ஓட்டுகிறவருக்கு மட்டும். வியாபாரிகள் வேண்டாம். தொகாஷி, ஒகினூமா.

மிட்சுரு அந்த எண்ணைக் கூப்பிட்டான். எடுத்தவர் வயதானவர். கமிசாகியில் தபால்காரன் என்று மிட்சுரு சொல்லிக்கொண்டான். அவ்வளவு தூரத்திலிருந்து சிரமப்பட்டு வரவேண்டியிருக்கிறதே என்று அவர் வருத்தப்பட, சிரமமே இல்லை என்று இவன் மறுக்க, பஸ் குறைவு என்று அவர் மன்னிப்புக் கேட்க, பஸ்ஸில் போவது தனக்குப் பிடிக்கும் என்று இவன் சொல்ல, பேச்சு இப்படியே போனது. அதன் நடுவில், 'எஞ்சினைத் தொடாதீர்கள்' என்று எந்த இடத்தில் நுழைப்பது? அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற பெரியவரிடம் அதைச் சொன்னால், உங்களைத் திருடன் என்று நினைக்கிறேன் என்று சொல்வதுபோல. நோட்டைக் கையில் விரித்துவைத்துக்கொண்டே, சொல்லாமல் தொலைபேசியை வைத்தான்.

அடுத்த புதன்கிழமை, விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்கு அவனுக்கு ஈட்டு விடுமுறை. ரயிலில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் பஸ். ஒகினூமாவில் இறங்கும்போது கடலிலிருந்து ஊசிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. தொகாஷி வாசலிலேயே நின்றிருந்தார். எழுபத்து நான்கு வயது, ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட வேலைச்சட்டை. வீட்டில் வேறு ஆள் இருக்கிற அடையாளம் இல்லை. கொட்டகையின் கதவைத் தள்ளித் திறந்து, தானே ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

கருநீல வண்டி. கண்ணாடிபோல இருந்தது. மிட்சுரு அனுமதி கேட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

சூடாக இருந்தது.

நோட்டை எடுத்து அடுத்த குறிப்புக்குப் போனான். கிளட்ச் லீவர் புதியது. பிரேக் லீவரும் புதியது. கைப்பிடி ரப்பர் இரண்டும் கடை வாசனை போகாதவை. ஃபுட்ரெஸ்ட் புதியது, கியர் மிதிக்கும் ரப்பர் புதியது, சங்கிலி புதியது. ஹேண்டில் முட்டும் கட்டையில் பூசின கறுப்பு வண்ணம் நகத்தில் ஒட்டுகிற அளவுக்குப் புதுசு. அறுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு நேற்றுப் பிறந்த கைப்பிடி. காகிதங்கள் சரியாகத்தான் இருந்தன, எண்கள் பொருந்தின, ஹேண்டில் வெண்ணெய்போலத் திரும்பியது. ஆனால் விழுந்த வண்டி எங்கெங்கே காட்டிக்கொடுக்குமோ அங்கெல்லாம் துடைத்து வைத்திருந்தது. முப்பத்தொரு குறிப்பில் பதினொன்று பார்க்க முடியாமல் போயிற்று.

எழுந்து நின்று, மெதுவாகக் கேட்டான். "வண்டி எங்கேயாவது விழுந்திருக்குங்களா ஐயா?"

தொகாஷி கொட்டகையின் தரையைப் பார்த்தார். "ரோட்டுல விழுந்ததில்ல" என்றார்.

ரோட்டுல என்று ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்? மிட்சுருவுக்கு அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. தொகாஷி எஞ்சினை ஓட்டிக் காட்டினார். முதல் தட்டலிலேயே பிடித்தது. நான்கு சிலிண்டரும் ஒரே மூச்சாக இழைந்தன. சூடான எஞ்சின் பிடிக்காமல் என்ன செய்யும் என்று மிட்சுரு நினைத்துக்கொண்டான். தேநீர் வந்தது, புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் வந்தது. இரண்டையும் மரியாதைக்குச் சாப்பிட்டான். அப்புறம் எழுந்து குனிந்து, "யோசிச்சுட்டுச் சொல்றேனுங்க" என்றான்.

அந்தப் பக்கத்தில் அதற்கு வேண்டாம் என்று பொருள். சொன்னவனுக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். தொகாஷி தானும் குனிந்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்றார். கொட்டகைக் கதவைச் சாத்தும்போது ஒரு முறை வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்த பஸ் ஒன்று நாற்பதுக்கு. அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தின் பலகையில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்று உருண்டையைப் பிரித்தான். பனி விழத் தொடங்கிவிட்டால் அடுத்த ஏப்ரல் வரை எவனும் பெரிய வண்டி விற்க மாட்டான், வாங்கவும் முடியாது. இன்னொரு குளிர்காலம், வானிலை சொல்பவரோடு. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கடிதம் இல்லாத வீட்டைக் கடந்து போவதுபோல ஒரு வெறுமை.

நிறுத்தத்தை ஒட்டியே தெருக் குப்பை போடும் இடம் இருந்தது. காக்கை கிளறாமலிருக்கப் பச்சை வலை போட்டு மூடியிருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் இரும்புக் குப்பை, அன்றைக்கு அந்த நாள். ஊர்ச் சட்டப்படி பை கண்ணாடிபோல உள்ளே தெரிய வேண்டும், போட்டவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். முகவரி படிக்கிற கண் அல்லவா, தானாகவே போயிற்று. மூன்றாவது பையில் சதுரமான கையெழுத்தில் 'தொகாஷி, மூன்றாம் வரிசை' என்று எழுதியிருந்தது.

மிட்சுரு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெயரைப் படித்தாயிற்று, அதோடு சரி. உள்ளே இருப்பது அவனுக்குரியதல்ல. சோற்று உருண்டையைத் தின்று முடித்தான். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். மணி பார்த்தான். பிறகு, இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, தன் சட்டத்தை மீறி எழுந்துபோய், அந்தப் பையின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். தொடவில்லை. வலையின் வழியாகப் பார்த்தான், அவ்வளவுதான்.

பழைய பாகங்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக நூலால் கட்டிக் கிடந்தன. பழைய சங்கிலியை எண்ணெய் துடைத்துச் சுருட்டிக் கம்பி போட்டிருந்தது. கியர் மிதிக்கும் ரப்பரில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குத் தேய்ந்த ஓட்டை. இடது கைப்பிடியில் பூவேலை அழிந்து வழவழவென்று இருந்தது. ஒரே கை, ஒரே இடத்தில் பிடித்துத் தேய்ந்தது. கிளட்ச் லீவரில் இரண்டு விரல் பதிகிற இடம் மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. லீவர் நேராக இருந்தது, நுனி உருண்டை உருண்டையாகவே இருந்தது. சாலையில் உருண்ட வண்டியின் லீவர் அப்படி இருக்காது. தன்னுடைய சிவப்பு வண்டியின் லீவரை அவனுக்குத் தெரியாதா? வலது பிரேக் லீவரின் நுனியில் மட்டும் ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்கு உராய்ந்த தடம். அதைப் பார்க்கத் தலையைச் சாய்த்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, நீங்க எந்த வரிசை? வெளியூர்க்காரங்க இங்க குப்பை போடக் கூடாது."

துடைப்பமும் கையுமாக ஒரு பெண், அறுபது வயதிருக்கும், அந்த வாரத்துக் குப்பைக் காவல் முறை அவளுடையது. கிகுச்சி என்று சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தாள். மிட்சுரு துள்ளி எழுந்தான். போடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான்.

"போடறதுகூடப் பரவாயில்ல. பார்க்கிறதுக்கு என்ன இருக்கு இதுல?"

அவன் தலை குனிந்து, தொகாஷி ஐயாவின் வண்டியைப் பார்க்க வந்ததைச் சொன்னான். அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓ, அந்தத் தபால்காரர் நீங்கதானா. மூணு நாளா அவர் கொட்டகையில டொக்கு டொக்குன்னு சத்தம். எதுக்கு நல்லா இருக்கிறதையெல்லாம் கழட்டுறீங்கன்னு கேட்டேன். அடுத்தவர் பிடிக்கிற இடத்துல என் கை அழுக்கு இருக்கலாமான்னு கேக்குறாரு. இன்னிக்குக் காலையில நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தப் பாரத்தை ஆத்தங்கரை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போறாரு, மனுஷன்."

"எதுக்குங்க?"

"இங்க ஓட்டிச் சூடு பண்ணினா அக்கம்பக்கத்துக்கு இரைச்சலாம். வர்றவர் குளிர்ல நின்னு காத்திருக்கக் கூடாதாம்." வலையின் ஓரத்தைக் காலால் சரிசெய்தாள். "அந்த வண்டியை நானும் ஒரு தடவை பிடிச்சுத் தூக்கியிருக்கேன், சொன்னா சிரிப்பீங்க. சரி, அதை அவர்தான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

குப்பை வண்டி வந்தது. மூன்றாவது பையை எடுத்து உள்ளே வீசியபோது லீவர்கள் இரும்பில் மோதின சத்தம் கேட்டது. கிகுச்சி வலையை உதறி மடித்துக் கொடியில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸும் வந்து கதவைத் திறந்தது. மிட்சுரு ஓட்டுநருக்குக் குனிந்து வணக்கம் சொன்னான், ஏறவில்லை. அடுத்த பஸ் ஐந்து இருபதுக்குத்தான் என்று ஓட்டுநர் எச்சரித்தார். தெரியும் என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது எவ்வளவு கடினமென்று அந்த இருநூறு அடியில் அவனுக்குத் தெரிந்தது. இரண்டு முறை நின்றான். அதைவிடக் கடினம், எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில். பொய் சொல்லலாம். மனம் மாறிவிட்டது என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் ஒரு கடிதம்கூட மாற்றிப் போடாத ஆள் அவன்.

தொகாஷி கதவைத் திறந்ததும் மிட்சுரு இடுப்பு மடியக் குனிந்தான். குனிந்தபடியே சொன்னான். "உங்க குப்பைப் பையைப் பார்த்துட்டேனுங்க. மன்னிக்கணும். தொடலை. பார்த்தேன்."

வீட்டுக்குள் கெட்டில் கொதிக்கிற சத்தம் வெளியே கேட்டது. "என்ன தெரிஞ்சுது?" என்றார் கிழவர்.

"விழாத வண்டின்னு தெரிஞ்சுது. வலது லீவர் நுனியில மட்டும் ஒரு பருக்கை அளவு தேய்ஞ்சிருக்கு. அது மட்டும் புரியல."

தொகாஷி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். முற்றத்தில் ஒரு சிமென்ட் இடத்தைக் காட்டினார். போன வருடம் இதே மாதம், நின்ற இடத்தில் வண்டி வலது பக்கம் சாய்ந்தது. தாங்க முடியவில்லை, விட்டுவிட்டார். கீறல் பெரிதில்லை. ஆனால் தூக்க முடியவில்லை. குந்தினார், அணைத்தார், கால் ஏறவில்லை. இருபத்து மூன்று வருடம் தன் வீட்டு மனுஷன்போல வைத்திருந்த வண்டி முற்றத்தில் சாய்ந்து கிடக்க, நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கிகுச்சியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம். தூக்க முடியாதவன் ஓட்டக் கூடாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் ரோட்டில் விழவில்லை என்று சொன்னாராம்.

இதையெல்லாம் அவர் ஒரே குரலில், வானிலை சொல்வதுபோலச் சொன்னார். சொல்லி முடித்துக் கொட்டகைக்குள் போய், ஒரு பழைய பஞ்சு மெத்தையை இழுத்துவந்து அதே சிமென்ட் தரையில் விரித்தார்.

"நீங்க என் வண்டியை ரெண்டு மணி நேரம் சோதிச்சீங்க" என்றார். "இப்ப நான் உங்களைச் சோதிக்கணும் தம்பி."

இருவருமாக வண்டியை மெத்தையின் மேல் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். பயிற்சிப் பள்ளி வண்டியைவிட இது இருபது கிலோ கூட. மிட்சுரு மேல்சட்டையைக் கழற்றினான். குந்தி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்து, டாங்கியை நெஞ்சோடு சேர்த்தான். எழும்பவில்லை. மூச்சை விட்டான். மறுபடி அணைத்தான். எஞ்சினில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருந்தது. அது சட்டை வழியாக வயிற்றில் பட்டது. ஒரு காலை முன்னே வைத்தான், அடுத்ததை வைத்தான், வண்டி அவனோடு எழுந்து நின்றது.

தொகாஷி எதிர்ப் பக்கத்தில் இரண்டு கையையும் தாங்குவதற்காக நீட்டியபடி நின்றிருந்தார். தேவைப்படவில்லை என்று தெரிந்தபிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கைகள் அப்படியே இருந்தன.

அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து காகிதங்கள் எழுதினார்கள். எதற்கு இந்த வயதில் பெரிய வண்டி என்று கிழவர் கேட்டார். மிட்சுரு கை தூக்கின கதையைச் சொன்னான். அக்காவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாதது. தொகாஷி ஊறுகாயை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கை தூக்குறவனெல்லாம் சிநேகிதன்னு நினைச்சுடாதீங்க தம்பி. இருபது வருஷத்துக்கு மேல தூக்கியிருக்கேன். ஒருத்தன் பேரும் தெரியாது."

"தெரியுமுங்க" என்றான் மிட்சுரு.

"ஆனா தூக்காம இருக்க முடியாது" என்றார் கிழவர், தேநீரை ஊற்றியபடி.

பெயர் மாற்றமும் காப்பீடும் முடிய இரண்டு வாரம் ஆயிற்று. நவம்பர் நடுவில், ஹெல்மெட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மிட்சுரு மறுபடி ஒகினூமாவில் இறங்கினான். இந்த முறை எஞ்சின் கல்போலக் குளிர்ந்திருந்தது. தொகாஷி சொல்லாமலே தள்ளி நின்றுகொண்டார். மிட்சுரு சாவியைத் திருப்பினான். வண்டி இரண்டு முறை இருமியது, மூன்றாவதில் பிடித்தது. முதல் குறிப்புக்கு நேரே நோட்டில் அப்போதுதான் சரி போட்டான். கிழவர் தெருமுனை வரை நடந்து வந்தார். கண்ணாடியில் பார்த்தபோது சாலையைப் பார்த்துக் குனிந்து நின்றிருந்தார். வளைவு வரும்வரை நிமிரவில்லை.

கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய வண்டியும் இல்லை. பருவம் முடிந்துவிட்டது. பாதித் தூரத்தில் ஆலங்கட்டி மழை ஹெல்மெட்டில் பொரிபோலப் பொரிந்துவிட்டு நின்றது. மிட்சுரு இடது கையை ஆயத்தமாகத் தொடைமேல் வைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வந்தான். லாரிகள் வந்தன, மீன் வண்டி வந்தது, பள்ளிக்கூட பஸ் வந்தது. வலது பக்கம் கடல் ஈயம்போலக் கிடந்தது. கையைத் தூக்க ஒரு ஆள் வரவில்லை.

பெயர் தெரியாத ஒரு சிற்றூரில், மீன் காயவைக்கும் மரச்சட்டங்களைத் தாண்டி, எதிரே ஒரு சிவப்பு வண்டி வந்தது. முன்னால் பை, பின்னால் பெட்டி. மழைச்சட்டைக்குள் யாரோ ஒருவன் சுருண்டு உட்கார்ந்து, வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வந்துகொண்டிருந்தான். மிட்சுரு கையைத் தூக்கினான்.

அந்தத் தபால்காரன் முதலில் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், கையை எடுக்காமல், தன் பகுதி வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வதுபோலத் தலையை மட்டும் அவசரமாகத் தாழ்த்திவிட்டுக் கடந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்சுயே கூப்பிட்டாள். வண்டி எப்படி, இடுப்பு எப்படி, சாப்பிட்டாயா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், தயங்கித் தயங்கி, "யாராவது கை தூக்கினாங்களாடா?" என்றாள்.

"இல்ல அக்கா" என்றான். "நான் தூக்கினேன்."